முயலுக்கு வைத்த தோட்டம்

முயல் வளர்க்கிறேன் என்று சொன்னால் எதிரில் இருப்பவர் கேட்கும் அடுத்த கேள்வி, "தினம் எவ்வளவு கேரட் வாங்குவீங்க?" என்பதுதான். கார்ட்டூன் பார்த்து வளர்ந்த தலைமுறை நாம், யாரையும் குறை சொல்ல முடியாது. உண்மையில் கேரட் கிழங்கு முயலுக்கு வெறும் தின்பண்டம். சர்க்கரை அதிகம், நார் குறைவு. வாரத்தில் இரண்டு நாள் கட்டைவிரல் அளவுத் துண்டு கிடைத்தால் அதற்குத் தீபாவளி. கேரட் தழை என்றால் வேறு கதை, அதைத் தாராளமாகக் கொடுக்கலாம். ஆனால் தழையை ஒடித்துக் குப்பையில் போட்டுவிட்டுத்தான் கிழங்கை நமக்கு எடை போட்டுக் கொடுக்கிறார்கள்.

முயலுக்கென்று மொட்டைமாடியில் தொட்டிகள் வைக்க ஆரம்பித்தபின் எனக்குப் பிடிபட்டது இது: நாம் எதைக் கழித்துப் போடுகிறோமோ, பெரும்பாலும் அதுதான் அதற்குச் சாப்பாடு. முற்றிய தண்டு, பூத்துப்போன கொத்தமல்லி, முள்ளங்கித் தழை, களை என்று பிடுங்கி எறிகிற புல். சமையலுக்காகத் தோட்டம் போட்டுப் பழகிய கைக்கு இது கொஞ்சம் தடுமாற்றமாகத்தான் இருக்கும். கீரை இளசாக இருக்கும்போதே பறிக்கச் சொல்லும் மனசை அடக்கிக்கொண்டு, "இன்னும் முற்றட்டும்" என்று விட்டுவைக்க வேண்டும்.

கோவையில் வடவள்ளிப் பக்கம் மாடி வீடு. எங்களிடம் இரண்டு முயல்கள். வெள்ளைக்குப் பொரி என்று பெயர், பழுப்புக்குக் கடலை. இரண்டும் ஆளுக்கு 2 கிலோ இருக்கும்.

எதை நடுவது என்று யோசிக்கும் முன் முயலின் வாயையும் வயிற்றையும் பார்த்துவிட வேண்டும். முயலுக்கு 28 பற்கள். அத்தனையும் ஆயுள் முழுக்க வளர்ந்துகொண்டே இருப்பவை. முன்பற்கள் வாரத்துக்குச் சுமார் 2 மில்லிமீட்டர் வளரும். அதைத் தேய்த்துக் குறைப்பது அது அரைத்துத் தின்னும் புல். பொரி அருகம்புல் தின்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். தண்டின் நுனியைக் கவ்வியதும் தாடை பக்கவாட்டில் அசைய ஆரம்பிக்கும். கையை உபயோகிப்பதே இல்லை. தையல் மெஷினில் துணி போவதுபோல அரை முழத் தண்டு நிற்காமல் உள்ளே போய்க்கொண்டிருக்கும். ஒரே சீரான கரகரச் சத்தம். கீரை கொடுத்தால் இந்த அரைப்பு இருக்காது, நாலு கடியில் முடிந்துவிடும். மிருதுவான தீனியிலேயே வளரும் முயலுக்குக் கடைவாய்ப் பல் ஓரத்தில் கூராக வளர்ந்து நாக்கையும் கன்னத்தையும் குத்த ஆரம்பிக்கும். பசி இருந்தும் சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கும்.

வயிறு அதைவிட விசித்திரம். மாட்டுக்கு முன்வயிற்றில் நடக்கிற நொதித்தல் முயலுக்குக் குடலின் பின்பாதியில், பெருங்குடலின் தொடக்கத்தில் இருக்கிற பெரிய பையில் நடக்கிறது. அங்கே உருவாகும் சத்தை முயல் எப்படி உறிஞ்சும்? ராத்திரியிலோ விடியற்காலையிலோ, திராட்சைக் கொத்து மாதிரி ஒட்டிக்கொண்டு வரும் மெத்தென்ற ஒரு தனிப் புழுக்கையை வாய் வைத்து நேராக எடுத்து விழுங்கிவிடும். அருவருப்பாகத் தோன்றலாம். ஆனால் கூண்டின் தரையில் அந்த மெத்தென்ற கொத்து அப்படியே கிடந்தால்தான் கவலைப்பட வேண்டும். மாவும் சர்க்கரையும் மிஞ்சி நார் குறைந்துவிட்டது என்று அர்த்தம். இந்த இயந்திரம் ஓடிக்கொண்டே இருப்பதற்கு நார் வேண்டும். முயலால் வாந்தி எடுக்க முடியாது. குடல் நின்றால் ஒரே நாளில் நிலைமை கைமீறிப் போகும்.

தமிழில் முயல் தீவனம் பற்றித் தேடினால் கிடைப்பதெல்லாம் பண்ணைக்கான கையேடுகள். அவற்றைத் தப்பென்று சொல்ல மாட்டேன், அவை எழுதப்பட்ட காரணம் வேறு. கொடைக்கானல் மேல்மலையில் மன்னவனூரில் மத்திய அரசின் செம்மறி ஆராய்ச்சி மையம் இருக்கிறது. சோவியத் சின்சில்லா, வெள்ளை ஜெயன்ட் போன்ற இறைச்சி இனங்களை அங்கே பராமரிக்கிறார்கள். சில மாதங்களில் 2 கிலோவைத் தொட்டு விற்பனைக்குப் போகிற குட்டிக்குப் புரதம் வேண்டும். அதனால் கையேட்டில் குதிரைமசால், வேலிமசால் என்கிற தீவனச் செடிகள், அகத்தி, கூடவே தானியமும் புண்ணாக்கும் கலந்த அடர்தீவனம் என்று வரும். வீட்டு முயலோ நம்மோடு எட்டு, பத்து வருஷம் இருக்கப்போகிறது. வளர்ந்து முடித்த முயலுக்கு அந்தச் சாப்பாடு தினசரி விருந்து. விருந்தைத் தினமும் சாப்பிட்டால் என்ன ஆகுமோ அது ஆகும்.

குறிப்பாகக் கால்சியம். நம் உடம்பு தேவையான அளவு கால்சியத்தை எடுத்துக்கொண்டு மீதியைக் குடலோடு வெளியே தள்ளிவிடும். முயலுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. தின்றதில் உள்ளதில் பெரும்பகுதியை உறிஞ்சிக்கொண்டு, மிச்சத்தைச் சிறுநீரில் வெளியேற்றும். கூண்டுத் தட்டில் காய்ந்த சிறுநீர் சுண்ணாம்பு பூசியதுபோல வெள்ளையாகப் படிவது இதனால்தான். லேசாக இருந்தால் இயல்பு. கெட்டியாக மண்டி மாதிரி வந்தால் சிறுநீர்ப்பையில் கசடு சேர்கிறது என்று பொருள். குதிரைமசாலில் புல்லைவிட இரண்டு மூன்று மடங்கு கால்சியம் உண்டு. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குட்டிக்கும் பால் கொடுக்கும் தாய்க்கும் அது நல்லது. மற்றவற்றுக்கு எப்போதாவது ஒரு கிளை போதும். முருங்கைக்கீரையும் இதே வரிசைதான். நமக்கு நல்லது என்பதால் அள்ளி அள்ளிக் கொடுக்கிறவர்களைப் பார்க்கிறேன்.

ஆக, புல்தான். இனிக் கணக்குப் போடலாம். 2 கிலோ முயலுக்கு நாளொன்றுக்குக் காய்ந்த எடையில் 80 முதல் 100 கிராம் தீனி வேண்டும். இரண்டு முயலுக்கு மாதம் 5, 6 கிலோ காய்ந்த புல். பச்சைப்புல்லில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர் என்பதால், பச்சையாகவே கொடுப்பதானால் மாதம் 25 கிலோ பக்கம் வரும். மொட்டைமாடித் தொட்டியில் இது நடக்காது. "மாடித்தோட்டத்திலேயே முயலை முழுசாக வளர்க்கலாம்" என்று யாராவது சொன்னால் அவர் முயலை எடை போட்டுப் பார்த்ததில்லை. அடிப்படைப் புல் வெளியிலிருந்துதான் வரும். மாடியில் விளைவது தினசரி ஒரு பிடி பச்சை, அதில் நாலு விதம், மருந்தடிக்காதது என்ற நிச்சயம். எனக்கு அதுவே போதுமானதாக இருக்கிறது.

வெளியிலிருந்து வரும் புல்லை எங்கள் பால்காரர் கொண்டுவந்து தருகிறார். அவர் முதன்முதலில் மாடிக்கு வந்தபோது தொட்டிகளைப் பார்த்துவிட்டுச் சிரித்தது ஞாபகம் இருக்கிறது.

"ஏனுங்க, தொட்டில அருகம்புல்லு வெச்சிருக்கறீங்க? பிள்ளையாருக்குங்களா?"

"முயலுக்குங்கண்ணா."

"அட, காட்டுல இதைய வேரோட புடுங்கறதுக்கு நாங்க ஆளுக்குக் கூலி குடுக்கறோம். நீங்க தண்ணி ஊத்தி வளத்தறீங்களா!"

மறுநாளே ஒரு கட்டு கினியா புல்லும், நடுவதற்கு வேர்க்கரணை கொஞ்சமும் கொண்டுவந்து போட்டார். மாட்டுக்காரர் கண்ணுக்கு முயல் ஒரு சின்ன மாடு. அது கிட்டத்தட்டச் சரியான பார்வையும்கூட.

அருகம்புல்லைத் தொட்டியில் வைப்பது வேடிக்கையாக இருக்கலாம். ஆனால் அமெரிக்காவில் பெர்முடா புல் என்று உலர்த்தி விற்பது இதே செடிதான். நம்மூர்ச் செல்லப்பிராணிக் கடைகளில் டிமோத்தி என்கிற குளிர்நாட்டுப் புல்லை இறக்குமதி செய்து, கொள்ளை விலைக்கு விற்கிறார்கள். டிமோத்தி நல்ல புல், மறுக்கவில்லை. ஆனால் கோவை வெயிலில் அது விளையாது, அருகு விளையும். கோயில் வாசலில் கட்டு கட்டாக விற்கும் அருகம்புல்லை நான் வாங்குவதில்லை. எந்தச் சாக்கடையோரம் பிடுங்கியது, நாய் எங்கே காலைத் தூக்கியது என்பது அந்தப் பிள்ளையாருக்கே வெளிச்சம். அகலமான, ஆழம் குறைந்த தொட்டியில் செம்மண்ணும் மணலும் கலந்து நாலு தண்டைக் கிடையாகப் புதைத்தால் போதும். கணுவுக்குக் கணு வேர்விட்டு ஓடும். கத்தரியால் வெட்ட வெட்டத் தழைக்கும்.

கினியாவுக்கு ஒரு கூடுதல் குணம், நிழலையும் தாங்கும். தண்ணீர்த் தொட்டியின் வடபக்கம் எதுவும் வராத மூலையில் அதைத்தான் வைத்திருக்கிறேன். மாட்டுக்கு வெட்டுகிறவர்கள் பூக்கும் முன்பே வெட்டிவிடுவார்கள், அப்போதுதான் புரதம் இருக்கும். நான் பூங்கதிர் எட்டிப் பார்க்கும்வரை விடுகிறேன். நார் ஏற ஏற முயலுக்குப் பற்களும் குடலும் ஒழுங்காக இருக்கும். உபரியாக வரும்போது வெட்டி, கொடிக்கயிற்றில் சின்னக் கட்டுகளாக நிழலில் தொங்கவிடுவேன். பச்சை நிறம் மங்காமல், ஒடித்தால் சடக்கென்று ஒடிய வேண்டும். ஒடியாமல் வளைந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. அதை மூட்டை கட்டினால் பூஞ்சணம் பிடிக்கும். பூஞ்சணம் வாசம் அடித்த புல்லை ஒரு தண்டுகூட முயலுக்குப் போடக்கூடாது. புல்வெளியில் மெஷின் ஓட்டிக் கழித்த தூள்புல்லும் வேண்டாம், குவித்து வைத்த சற்று நேரத்தில் சூடேறிப் புளிக்க ஆரம்பித்துவிடும்.

சோளத்தட்டைப் பற்றி ஒரு எச்சரிக்கை. இளம் சோளப்பயிரில் சயனைடு நஞ்சு உண்டு. ஆடுமாடு வைத்திருப்பவர்களுக்கு இது சின்ன வயசிலிருந்தே தெரியும், நகரத்தில் முயல் வளர்ப்பவர்களுக்குத் தெரியாது. மரவள்ளி இலையும் அப்படியே.

மசால் வகையில் வேலிமசால் ஒரு தொட்டி வைத்திருக்கிறேன். அதன் விதைத்தோல் கல் மாதிரி. அப்படியே போட்டால் மாதக்கணக்கில் மண்ணுக்குள் சும்மா கிடக்கும். தண்ணீரைக் கொதிக்க வைத்து இறக்கி, சற்று ஆறி 80 டிகிரி வாக்கில் இருக்கும்போது விதையைப் போட்டுச் சில நிமிடத்தில் வடித்து, ராத்திரி முழுக்கப் பச்சைத் தண்ணீரில் ஊறவிட வேண்டும். காலையில் ஊறி உப்பிய விதைகள் அடியில் தெரியும். ஒருமுறை வந்துவிட்டால் வருஷக்கணக்கில் வெட்டிக்கொண்டே இருக்கலாம். தொட்டாற்சிணுங்கி மாதிரி சின்னச் சின்ன இலை. கடலை முதலில் இலையை உருவித் தின்றுவிட்டுக் குச்சியைக் கடைசியில் வைத்துக்கொள்ளும். பொரி குச்சியில்தான் ஆரம்பிக்கும். சுபாபுல் என்கிற சவுண்டல் இலையை மட்டும் தவிர்க்கிறேன். அதில் உள்ள மிமோசின் என்கிற நச்சுப்பொருள் முடி உதிரச் செய்யும்.

கீரைத் தொட்டிகள் எல்லாரும் வைப்பதுதான், அதனால் விரிவாகச் சொல்ல ஒன்றுமில்லை. கொத்தமல்லி, புதினா, துளசி, வெந்தயம், முள்ளங்கி. கொத்தமல்லி வெயில் ஏறினால் சட்டென்று தண்டு நீட்டிப் பூத்துவிடும். சமையலுக்கு ஆகாத அந்தத் தண்டும் பூவும் முயலுக்கு அமிர்தம். தண்டுக்கீரை, சிறுகீரை, பசலை, பருப்புக்கீரை இவற்றில் ஆக்ஸலேட் என்கிற உப்பு அதிகம். நாங்கள் சாப்பிடுகிறோம், முயலுக்கு எப்போதாவது நாலு இலை. முட்டைக்கோஸ் வெளி இலையும் அளவாகத்தான், வாயு பிடிக்கும். எதையும் புதிதாகக் கொடுக்கும்போது ஒரு இலையில் ஆரம்பித்து, அடுத்த நாள் புழுக்கையைப் பார்க்க வேண்டும். உருண்டையாக, காய்ந்து, உடைத்தால் உள்ளே புல்லின் நார் தெரிந்தால் சரி.

என் தோட்டத்தின் மகாராணி செம்பருத்திதான். எண்ணெய் காய்ச்ச இலை, சாமிக்குப் பூ என்று வைத்த பழைய செடி. இப்போது சாமிக்குப் போக மிச்சம் இருந்தால் அதிர்ஷ்டம். இலை, பூ இரண்டும் முயலுக்கு ஒத்துக்கொள்ளும். மாவுப்பூச்சி வந்தால் மருந்தடிக்க முடியாது என்பதுதான் சிக்கல். தண்ணீரைப் பீய்ச்சி அடித்துக் கழுவுகிறேன், அடங்காத கிளையை வெட்டிவிடுகிறேன். வேப்பெண்ணெய்க் கரைசல் தெளித்த செடியிலிருந்து புதுத் தளிர் வரும்வரை எதையும் பறிப்பதில்லை. பஞ்சகவ்யம் நல்ல வளர்ச்சி தரும். ஆனால் பச்சையாகத் தின்னும் இலைமேல் தெளிக்க எனக்கு மனசு வருவதில்லை, வேருக்கு ஊற்றுவதோடு சரி. மல்பெரிக் கன்று ஒன்றும் வைத்தேன். பட்டுப்புழுக்காரர்கள் சொல்வது உண்மைதான், அது வெட்டுக்கு அஞ்சாத செடி. முயல்கள் அந்த இலைக்குக் கூண்டிலேயே எழுந்து நிற்கும்.

சிறுநீர் சிவப்பாகப் போகிறது, ரத்தமா என்று பதறிப்போய்க் கேட்பவர்கள் உண்டு. தின்ற செடியின் நிறமிகள் சிறுநீரைச் செங்கல் நிறத்துக்குக் கொண்டுபோவது சகஜம். ஓரிரு நாளில் தானாகச் சரியாகும். சிறுநீர் கழிக்கும்போது முக்கினாலோ, சொட்டுச் சொட்டாகப் போனாலோ, சாப்பாடு நின்றாலோ மருத்துவரிடம் உடனே தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.

மாடியில் முயலைத் திறந்துவிடும் பழக்கம் இருந்தால், எதை வைக்கிறோம் என்பதைவிட எதை அப்புறப்படுத்துகிறோம் என்பது முக்கியம். அரளியும் நித்தியகல்யாணியும் நம் வீடுகளில் அழகுக்கும் பூஜைக்கும் சர்வசாதாரணமாக நிற்பவை. இரண்டும் விஷம். எருக்கு, ஊமத்தை, ஆமணக்கு, உன்னிச்செடி, தக்காளி இலை, உருளை இலை, வெங்காயத்தாள், வீட்டுக்குள் தொங்கும் மணி பிளாண்ட் எல்லாம் இதே பட்டியல். "பிராணிக்குத் தெரியும், விஷமா இருந்தா அதுவே ஒதுக்கிடும்" என்று கீழ்வீட்டு அக்கா அடித்துச் சொல்வார். தான் பிடித்த முயலுக்கு மூணு கால் என்பார்களே, அப்படி ஒரு நிச்சயம் அவருக்கு. காட்டில் தாயோடு சுற்றி வளர்ந்த விலங்குக்கு அது ஓரளவு பொருந்தலாம். கூண்டில் பிறந்து, கிடைத்ததைக் கடித்தே உலகத்தைத் தெரிந்துகொள்ளும் முயலிடம் அந்த நம்பிக்கையை வைக்க நான் தயாராக இல்லை. அரளி, அக்காவின் வாசலுக்குக் குடிபோய்விட்டது.

முயல் புழுக்கையைப் பற்றிப் பேசாமல் இந்த விஷயம் முடியாது. சாணம் மாதிரி மக்கவைக்க வேண்டியதில்லை, நேராகவே தொட்டியில் போடலாம், செடி கருகாது. இதை வைத்துத்தான் "முயல் செடிக்குப் போடுது, செடி முயலுக்குப் போடுது" என்ற அழகான சுழற்சியைப் பலரும் சொல்கிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ரத்தக்கழிச்சலை உண்டாக்கும் காக்சிடியா கிருமியின் முட்டைகள் முயலின் புழுக்கையோடுதான் வெளியே வருகின்றன. ஈரமண்ணில் சில நாள் கிடந்தால் தொற்றும் பக்குவத்துக்கு வந்துவிடும். அந்த மண்ணை ஒட்டி வளரும் அருகம்புல்லை வெட்டி மறுபடி முயலுக்கே போட்டால், நோயைத்தான் சுழலவிடுகிறோம். பெரிய முயல் தாங்கிக்கொள்ளும், குட்டி தாங்காது. எங்கள் வீட்டுப் புழுக்கை முழுக்கக் கத்தரிக்கும் ரோஜாவுக்கும் கறிவேப்பிலைக்கும் போகிறது. புல்லுக்கு மண்புழு உரம். இந்த ஏற்பாட்டில் அதிக லாபம் கத்தரிக்குத்தான்.

வெயில் காலம் தனிப்பாடு. சித்திரையில் மாடித் தளம் காலை வைக்க முடியாமல் கொதிக்கும்போது அகலத் தொட்டிகள் ஒரே நாளில் காய்ந்துவிடும். பச்சை நிழல்வலை கட்டி, காலை மாலை இரண்டு வேளையும் தண்ணீர் விடுகிறேன். வீட்டுக்காரம்மாவுக்குத் தளம் ஒழுகிவிடுமோ என்று பயம். அதனால் தொட்டிகள் எல்லாம் செங்கல் மேல், அடியில் தட்டோடு. முயலுக்கு வியர்க்காது, காது வழியாகத்தான் சூட்டை விடும். 30 டிகிரியைத் தாண்டினாலே திணற ஆரம்பிக்கும். அந்த மாதங்களில் அவை மாடிக்கு வருவதில்லை, தோட்டம்தான் கீழே போகிறது. பறித்த கீரையைக் கழுவி, தண்ணீர் சொட்டச் சொட்டவே வைத்துவிடுவேன். பாட்டிலில் குடிக்க மறுக்கும் பிகு பிடித்த கடலை உள்ளே இழுக்கும் தண்ணீரில் பாதி அப்படித்தான் போகிறது.

விதை எங்கே வாங்குவது என்று கேட்கிறவர்களுக்கு: மசால், கினியா போன்ற தீவனப் பயிர்களுக்கு வேளாண் பல்கலைக்கழகத்தின் தீவனப்பயிர்த் துறையை விசாரியுங்கள், இல்லையென்றால் பக்கத்தில் மாடு வைத்திருப்பவரைப் பிடியுங்கள். அவரே சீக்கிரம் கொடுப்பார். கொத்தமல்லி, வெந்தயம், தட்டைப்பயறு இவற்றுக்கு மளிகைக் கடைச் சரக்கே போதும். மல்லியை மட்டும் செருப்புக் காலால் லேசாகத் தேய்த்து இரண்டாக உடைத்துவிட்டு விதையுங்கள். விதைக்கடைப் பொட்டலத்தில் இளஞ்சிவப்போ நீலமோ சாயம் ஏறிய விதை வந்தால் அது பூஞ்சண மருந்து பூசியது. முளைக்கவைத்து முளையோடு முயலுக்குப் போட அதை எடுக்காதீர்கள்.